தாடிக்கொம்பில் ஆடும் தூண்கள்

திண்டுக்கல்லிலிருந்து கரூர்ச் சாலையில் வடக்கே போனால், நகரின் இரைச்சல் முழுதாக ஓய்வதற்குள் தாடிக்கொம்பு வந்துவிடும். அங்கே சௌந்தரராசப் பெருமாள் கோயில். பெருமாளைச் சேவித்துவிட்டுத் தாயாரிடம் போகிறவர்கள், சௌந்தரவல்லித் தாயார் சந்நிதி முன்னுள்ள ரங்கமண்டபத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுவது அத்தனை எளிதில்லை. நாயக்கர் காலத்துச் சிற்பிகள் தூணுக்கு ஓர் உருவமாக நிறுத்திவைத்திருக்கிறார்கள்: உலகளந்தவர், வைகுண்டநாதர், இரணியனோடு பொருதும் நரசிங்கம், அவனை மடியில் கிடத்திய நரசிங்கம், கார்த்தவீரியன், வேணுகோபாலன், கரும்பு வில்லோடு காமன், அவன் துணைவி ரதி. கூடவே ஊர்த்துவ தாண்டவர், தில்லைக் காளி, அகோர வீரபத்திரர். பெருமாள் கோயிலுக்குள் இத்தனை சைவ உருவங்கள் எப்படி வந்தன என்று பக்தர்கள் யாரும் வியப்பதாகத் தெரியவில்லை. விளக்கு ஏற்றுகிறார்கள், கும்பிடுகிறார்கள், நகர்கிறார்கள்.

நாட்டிய நாடகம் பார்த்துப் பழகிய கண்ணோடு இந்த மண்டபத்துக்குள் நுழைந்து பாருங்கள். நம் சபாக்களிலும் கோயில் திருவிழா மேடைகளிலும் ஆண்டுதோறும் ஆடப்படும் கதைகளில் பாதிக்கு மேல் இங்கே வரிசையாக நிற்பது தெரியும். சிற்பிக்குக் கிடைத்தது ஒரே ஒரு கணம். அந்தக் கணத்தை அவன் எப்படித் தேர்ந்தெடுத்தான், அதே கதைக்கு ஒரு மணி நேரம் கிடைக்கப்பெற்ற ஆடற்கலைஞர் எந்தக் கணத்தில் நம்மை நிறுத்துகிறார் என்று ஒப்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு தூணாக நிற்கலாம். எனக்கு இதைவிட இனிய பொழுதுபோக்கு இந்தச் சமவெளியில் வேறில்லை.

ஊர்த்துவ தாண்டவரிடம் முதலில் போவோம். வலிய ஒரு கால் செவியோரமாக நெட்டென்று மேலேறிவிட்டது. எல்லோர் கண்ணும் அந்தக் காலோடுதான் மேலே போகிறது. கொஞ்சம் பொறுத்து, நிலத்தில் ஊன்றிய காலைப் பாருங்கள். உடம்பின் பாரம் முழுவதும் அதில் இறங்கியிருக்கிறது; ஆனாலும் அது திணறவில்லை. இடுப்பு ஒரு மயிரிழை ஒசிந்து, அந்தப் பாரத்தைச் சுமையாக ஏற்காமல் உறவாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. முகத்தில் முயற்சியின் சாயல் துளியும் கிடையாது. உடல் உச்சகட்ட வேலையில் இருக்க, முகம் ஓய்ந்திருக்கிறது. ஆட்டத்தில் இதற்குத்தான் ஆண்டுக்கணக்கில் அரைமண்டியில் உட்கார வைக்கிறார்கள்.

பரதரின் நூல் வகுத்த 108 கரணங்களில் ஐம்பதாவது லலாட திலகம்: கால் பின்னாலிருந்து எழுந்து, பெருவிரல் நெற்றியில் பொட்டிடுவதுபோல் வந்து நிற்பது. கோயில் சிற்பங்களையும் நூல் இலக்கணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கரணம் என்பது உறைந்த நிலை அல்ல, ஓடும் அசைவு என்று ஆடியே காட்டியவர் பத்மா சுப்ரமணியம். அவர் சொன்னதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்தத் தூணை மறுபடி பார்த்தால், கல்லில் இருப்பது ஓர் அசைவின் நடுப்பகுதி என்று விளங்கும். முன்னும் பின்னும் நாம் நிரப்பிக்கொள்ள வேண்டும். மேடையில் பல இளங்கலைஞர்கள் காலை மேலே கொண்டுபோவதில் காட்டும் கவனத்தை, அதைக் கீழே இறக்குவதில் காட்டுவதில்லை என்பது என் சின்ன மனக்குறை. கைத்தட்டல் எழும்பியதும் கால் தொப்பென்று விழுந்துவிடுகிறது. ஏறிய கால் மிருதங்கத்தின் கடைசிச் சொல்லோடு இழைந்து, சலங்கை தனித்து ஒலிக்காமல் தரையைத் தொடும் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் பாக்கியசாலிகள்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். சிவனும் காளியும் போட்டியிட்டு ஆடுகிறார்கள். அவர் ஆடுவதையெல்லாம் அவளும் ஆடுகிறாள். ஒரு சுழற்சியில் அவர் காதணி கழன்று விழ, கால் விரலால் அதை எடுத்து, ஆட்டம் குலையாமல் காலைத் தூக்கிக் காதில் மாட்டிக்கொள்கிறார். காளி நின்றுவிடுகிறாள். ஆலங்காட்டில் நடந்ததாக ஒரு வழக்கு, தில்லையில் நடந்ததாக ஒரு வழக்கு. ஆலங்காட்டு ஆடலுக்குக் காரைக்கால் அம்மையாரே சாட்சி. செப்புத் திருமேனிகளில் எலும்பும் தோலுமாய் அமர்ந்து, கையில் தாளம் ஏந்திய அந்த அம்மையைப் பார்க்கும்போதெல்லாம், நம் மரபின் முதல் நட்டுவாங்கக் கலைஞர் அவர்தானோ என்று எனக்குத் தோன்றும்.

இந்தக் கதையை ஒருவரே ஆடும்போதுதான் அதன் முழுச் சுவையும் இறங்குகிறது. தோளை ஒரு பக்கம் திருப்பினால் சிவன்: இடக்கையில் மிருகசீரிடம், வலக்கையில் திரிபதாகம். மறுபக்கம் திரும்பினால் காளி: பார்வை விரிந்து, மூச்சு நெஞ்சுக்கு ஏறி, பாதம் தரையை அறையும். ஜதி ஏற ஏறத் திருப்பங்கள் நெருங்கிவருகின்றன. பிறகு அந்தக் கால் எழுகிறது. அடுத்த திருப்பத்தில் காளி வந்தாக வேண்டும்; வந்தவளின் முகத்தில் என்ன வைப்பது? அங்கேதான் நல்ல கலைஞரைத் தேர்ந்த கலைஞரிடமிருந்து பிரித்தறியலாம். தோல்வியை வைப்பது எளிது. நாணத்தை வைப்பது மரபு. எனக்குப் பிடித்தது, உருத்திரம் முகத்தைவிட்டு மெல்ல வடியும்போது புருவம் மட்டும் இன்னும் சினத்தில் நிற்க, உதட்டோரம் ஒரு நகை அரும்பும் ஆட்டம். 'முடியாமல் நிற்கவில்லை, வேண்டாமென்று நிற்கிறேன்' என்று அந்த நகை சொல்லும். தாடிக்கொம்பில் காளிக்கும் தனித்தூண் கொடுத்த சிற்பி, அவளைத் தோற்றவளாக நினைத்திருந்தால் இத்தனை அழகாகச் செதுக்கியிருப்பானா?

இரணியன் தூண்களுக்கு வருவோம். ஒரே கதைக்கு இரண்டு தூண்கள்: ஒன்றில் போர், ஒன்றில் முடிவு. கம்பன் காவியத்தில் இரணியன் வதைப் படலம் ஒரு தனிச் செல்வம். வான்மீகத்தில் இல்லாத இடத்தில், வீடணன் தன் அண்ணனுக்குச் சொல்லும் அறிவுரையாக அதை அமைத்தான் கம்பன். 'எங்கே இருக்கிறான் உன் அரி?' என்ற கேள்விக்கு, சாணிலும் அணுவின் கூறிலும் மேருவிலும் எதிரே நிற்கும் தூணிலும் கேட்பவன் வாய்ச்சொல்லிலுங்கூட இருக்கிறான் என்று பிள்ளை பதில் சொல்கிறான். தந்தை தூணை அறைகிறான். உடனே சிங்கம் பாய்ந்து வந்துவிடுவதில்லை. உருவத்துக்கு முன் சிரிப்பு வருகிறது. தூணுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு! இந்தத் தாமதத்தைத் தமிழின் மிக நாடகத்தன்மை வாய்ந்த இடங்களில் ஒன்றாகவே நான் எண்ணுகிறேன்.

மேடையில் இதை ஆளும் விதங்களைக் கவனியுங்கள். சிலர் அறைந்தவுடன் புகையைக் கிளப்பி, சிவப்பு விளக்கைப் போட்டு, பின்திரையில் மின்னலை ஓடவிட்டு, சிங்க முகத்தோடு ஒருவரைக் குதிக்கவைக்கிறார்கள். குழந்தைகள் மகிழ்வார்கள், குறையில்லை. தேர்ந்த நட்டுவனார் அந்த இடத்தில் தாளத்தை நிறுத்திவிடுவார். மிருதங்கத்தின் தொப்பியில் ஒரு கும்கி, அடியில் உருளும் ஒரு முழக்கம். இரணியனாக நிற்கும் கலைஞர் தூணை அடித்த கையைப் பார்க்கிறார், பிறகு தூணைப் பார்க்கிறார். அவர் காதில் விழுந்த சிரிப்பு அவர் கண்ணில் நமக்குத் தெரிகிறது. அதன்பின் அதே உடலில் விரல்கள் ஊர்ணநாபமாக வளைந்து நகமாகின்றன. முதுகு சற்றே கூனி, கழுத்து தோளுக்குள் இறங்கி, பிடரி சிலிர்க்கிறது. தஞ்சைப் பக்கம் மெலட்டூரில் பாகவத மேளத்தார் நரசிங்கத்தின் முகமூடியைப் பூசைக்குரியதாகவே பேணுகிறார்கள். அதை அணிபவர் விரதமிருந்து அணிகிறார். முகமூடியில்லாத பரதத்தில் அந்த விரதம் பத்து விரல்களுக்குள் போய்விடுகிறது.

தாடிக்கொம்புச் சிற்பி இந்தக் கதையில் செய்த குறும்பை நினைத்து நான் பலமுறை சிரித்ததுண்டு. தூணிலிருந்து வந்த கடவுளைத் தூணிலேயே செதுக்கிவிட்டான். கதையை விளக்க அவனுக்குத் தனியாகப் பின்னணி தேவைப்படவில்லை. கட்டடமே கதைக்குள் நுழைந்துவிட்டது. நாயக்கர் காலத்து மண்டபங்கள் பலவற்றில் இந்த அமைதி உண்டுதான். ஆனால் போரையும் முடிவையும் ஒரே மண்டபத்தில் வைத்துவிட்டு, இடையே நடந்ததை நம் நடைக்கு விட்டுவிட்ட இந்த ஏற்பாட்டில் நாடகம் தெரிந்த ஒருவனின் கை இருக்கிறது.

திண்டுக்கல்லின் தென்கிழக்கே நீலமாய் நீளும் சிறுமலைக்கும் இந்தப் பேச்சில் பங்கு உண்டு. சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில், மதுரைக்கு வழி கேட்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் மூன்று வழிகள் சொல்கிறான். அதில் வலப்பக்க வழி இந்தச் சிறுமலையின் ஓரமாகத்தான் போகிறது. வாழையும் கமுகும் தெங்கும் மாவும் பலாவும் சூழ்ந்த மலையென்று இளங்கோ அதை வளத்தோடு நினைவுகூர்கிறார். இன்றைக்கும் சிறுமலை வாழைப்பழத்துக்கு இந்த வட்டாரத்தில் தனி மதிப்பு இருப்பது அவருக்குத் தெரிந்தால் மகிழ்ந்திருப்பார். அந்தப் பயணத்தில் கோவலனும் கண்ணகியும் இந்த வலவழியில் போகவில்லை என்பது வேறு கதை. நாட்டிய நாடகமாகச் சிலப்பதிகாரத்தை ஆடும் குழுக்கள் பெரும்பாலும் புகாரிலிருந்து மதுரைக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகின்றன. நடுவிலிருக்கும் வழிநடையையும் ஐயை கோட்டத்தில் சாலினி தெய்வமேறி ஆடும் ஆட்டத்தையும் விட்டுவிடுகிறார்கள். எத்தனை பெரிய இழப்பு!

அந்தக் காவியத்தில் கடலாடு காதைக்கு வாருங்கள். மாதவி ஆடிய பதினோர் ஆடல்கள் அங்கே வரிசையாக வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு தெய்வம் முன்பு ஆடியது. திரிபுரம் எரிந்தபின் சிவன் ஆடிய கொடுகொட்டி, நான்முகன் காண ஆடிய பாண்டரங்கம். கஞ்சன் ஏவிய யானையின் கொம்பொடித்து மாயவன் ஆடிய அல்லியம். கடல் நடுவே முருகன் ஆடிய துடி. அசுரர் வஞ்சமாய் அனுப்பிய பாம்பையும் தேளையும் மிதித்தழிக்க, மரத்தாலான கால்களில் ஏறி மாயவள் ஆடிய மரக்கால். வாணன் நகரில் சிறைப்பட்ட அநிருத்தனை மீட்க, பேடியுருவில் காமன் ஆடிய பேடு. இந்தப் பட்டியலோடு தாடிக்கொம்பு மண்டபத்துக்குள் மறுபடி நடந்தால் மனம் துள்ளுகிறது. கொடுகொட்டி ஆடியவர் இங்கே இருக்கிறார். அல்லியம் ஆடியவர் குழலோடு நிற்கிறார். மரக்கால் ஆடியவளின் மரபில் வந்த காளி இருக்கிறாள். பேடு ஆடிய காமன் கரும்பு வில்லோடு நிற்கிறான். சிற்பி சிலம்பு படித்தானா என்பது கேள்வியே இல்லை. அந்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி உ.வே. சாமிநாதையர் 1892-இல் அச்சேற்றும்வரை சிலம்பைப் படித்தவர்களே அருகியிருந்தார்கள். ஆனாலும் ஆடும் தெய்வங்களின் வரிசை மட்டும் மறக்கப்படாமல், பாட்டு, கூத்து, கல் என்று கைமாறிக்கொண்டே இருந்திருக்கிறது.

காமனிடம் இன்னும் கொஞ்சம் நிற்கலாம். பரதத்தில் அவனுக்கு முத்திரை எளிது: இடக்கை சிகரம் வில்லைப் பிடிக்க, வலக்கை கடகாமுகம் நாணை இழுக்கும். போர்வீரனின் வில்லுக்கும் ஏறக்குறைய இதே கைகள்தான். வேறுபாடு எங்கே? இழுக்கும் விரல்களின் மென்மையில். போர்வில்லை இழுக்கும்போது தோள் பின்னுக்குப் போகும். காமன் வில்லில் தோள் அசைவதே இல்லை. மணிக்கட்டு மட்டும் தளர்ந்து, ஒரு பூவைக் கொய்வதுபோல நாண் வருகிறது. எய்தபின் அம்பைப் பார்ப்பதில்லை, அது தைத்த முகத்தைப் பார்க்கிறான். இவ்வளவு சின்ன வேறுபாட்டைப் பத்தாவது வரிசையிலிருந்தும் பார்க்கும்படி செய்வதைத்தான் அபிநயம் என்கிறோம்.

மாதவி ஏறிய அரங்கின் அளவுகளை அரங்கேற்று காதை ஒன்றுவிடாமல் தருகிறது. 24 விரல் அளவு கொண்ட ஒரு கோல். அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். உள்ளே போக ஒரு வாயில், வெளியே வர ஒரு வாயில். மூன்று வகைத் திரைச்சீலைகள். இவற்றையெல்லாம் விட என்னைக் கட்டிப்போடும் நுணுக்கம் ஒன்று இருக்கிறது: தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்குகளை வைத்தார்களாம். ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்ற பன்னிரண்டு வயதுப் பெண் ஆட வருகிறாள். அவள் முகத்தில் ஒரு தூணின் நிழல்கூடக் குறுக்கே போய்விடக் கூடாது என்று ஒருவர் விளக்கை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்திருக்கிறார். அந்தப் பெயரறியாத விளக்குக்காரருக்கு என் வணக்கம். இன்றைய ஒளியமைப்பாளர்களில் சிலர் ஊதாவும் பச்சையும் மாறி மாறி முகத்தில் வீசும்போது, ஒரு தலைக்கோல் பரிசை அந்தப் பழைய மனிதருக்கே கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

தாடிக்கொம்புப் பெருமாளைக் கள்ளழகரின் இன்னொரு வடிவாகவே இவ்வட்டாரம் கொண்டாடுகிறது. பெயரிலேயே அழகு இருக்கிறது. அழகர் மீது கவி குஞ்சர பாரதி (1810–1896) ஒரு குறவஞ்சி பாடினார். குறவஞ்சி என்றதும் குற்றாலம் நினைவுக்கு வரும். திரிகூடராசப்பக் கவிராயரின் அந்த நாடகத்தை 1944-இல் கலாக்ஷேத்திரத்தின் மேடைக்கு ருக்மிணி தேவி கொண்டுவந்தபோது, காரைக்கால் சாரதாம்பாள் துணைநின்றார். வீணை கிருஷ்ணமாச்சாரியார் இசையமைத்தார். அந்த நிறுவனத்தின் நாட்டிய நாடகங்களுக்கெல்லாம் அதுதான் தலைப்பிள்ளை. பின்னாளில் இராமாயணத்தை ஆறு நாடகங்களாக அங்கே விரித்தார்கள். அவை கம்பீரமானவை. ஆனாலும் குறவஞ்சியின் குறும்பு எனக்கு இன்னும் நெருக்கம்.

குற்றாலக் குறவஞ்சியின் நாயகி வசந்தவல்லி பந்தாடும் இடத்தைப் பாருங்கள். மேடையில் பந்து கிடையாது. இருப்பது அவள் கண். பந்து எழும்போது இமை எழுகிறது. உச்சியில் ஒரு நொடி தங்கும்போது கண்மணி அங்கேயே நிற்கிறது. இறங்கும்போது கழுத்து முதலில் சாய்ந்து கண் பின்னால் வருகிறது. பாட்டின் சந்தமே பந்தின் துள்ளலாக இருப்பதால், கால் தாளத்துக்கு ஆட, கண் சந்தத்துக்கு ஆடுகிறது. தோழியர் நால்வர் இருந்தால் நான்கு ஜோடிக் கண்களும் ஒரே பந்தைப் பார்க்க வேண்டும். ஒருத்தி அரை நொடி பிந்தினாலும் மேடையில் இரண்டு பந்துகள் ஆகிவிடும்!

பிறகு குறத்தி வருகிறாள். இடுப்பில் கூடை, கையில் மாத்திரைக்கோல். அதுவரை மென்நடை நடந்த மேடையில் திடீரென்று குதிகால் ஊன்றிய நடை. தன் மலையின் வளத்தை அளந்துவிட்டுக் கையைக் காட்டச் சொல்கிறாள். குறி சொல்லும் இந்தக் கட்டத்தில் இரண்டு கைகள் சந்திக்கின்றன: நாயகியின் கை பதாகமாக விரிந்து, விரல் நுனியில் மட்டும் நடுக்கம், குறத்தியின் கை அதன் கீழே சதுரமாக ஏந்தி, கட்டைவிரலால் ரேகையை வருடுகிறது. குறத்திக்கு விடை முதலிலேயே தெரியும். நாயகிக்கும் தெரியும். பார்க்கும் நமக்குத் தெரியவே தெரியும். ஆனாலும் தலைவன் பெயர் வாயில் வருவதற்குமுன் குறத்தி நாயகியின் முகத்தை ஓரக்கண்ணால் ஒருமுறை பார்த்துக்கொள்கிறாளே, அந்த ஓரக்கண் பார்வைக்காகவே குறவஞ்சி எத்தனை தடவை ஆடினாலும் அலுப்பதில்லை.

ஆடுமகளைத் தூது விடுவதும் இம்மண்ணின் இலக்கியத்துக்குப் புதிதில்லை. நிலக்கோட்டைக் கூளப்ப நாயக்கன் மீது சுப்பிரதீபக் கவிராயர் பாடிய விறலிவிடு தூது அந்த வகையில் பேர்பெற்றது. அதை முழுதாக மேடையேற்றத் துணிச்சல் வேண்டும். சிரிக்கத் தெரிந்த சபையும் வேண்டும். இப்போதைக்கு விட்டுவிடலாம்.

விட முடியாதது பேகன் கதை. பழனி மலையைச் சங்கப் பாடல்கள் பொதினி என்று அழைக்கும். அதற்குரிய வேளிர் குடியில் வந்தவன் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்தவன் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அந்த மயில் என்ன செய்துகொண்டிருந்தது? களித்து ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதைக் குளிரில் நடுங்குவதாக எண்ணினான், போர்த்தினான். புறநானூற்றின் 143 முதல் 147 வரையுள்ள பாட்டுகளுக்கு வந்தால், கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவன் வாசலில் நிற்கிறார்கள். பொன்னும் பொருளும் வேண்டாம், பிரிந்துகிடக்கும் உன் மனைவி கண்ணகியிடம் போ, இன்றே தேரைப் பூட்டு என்கிறார்கள். ஆடிய மயிலின் சிலிர்ப்பில் இல்லாத துயரத்தைக் கண்டவனுக்கு, அழுத பெண்ணின் தோளில் இருந்த துயரம் தெரியவில்லை.

பரதத்துக்கென்றே பிறந்த கதை இது. தோகை விரித்த மயில் உடலை உதறும்போது ஓடும் நடுக்கத்தை, முதுகின் நடுவிலிருந்து தோள்வழி விரல்நுனிவரை கொண்டுபோவார் கலைஞர். கபிலரின் பாட்டில் வரும் கண்ணகி விம்மும்போதும் அதே முதுகு, அதே தோள், அதே விரல்கள். அசைவை மாற்றவே வேண்டாம். காலம் மட்டும் மாறினால் போதும். மயிலுக்குத் துரிதம், அவளுக்கு விளம்பம். புலவர் நால்வருக்கும் தனித்தனி ஆட்களைப் போட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். ஒருவரே நான்கு முறை வாசலுக்கு வரட்டும், ஒவ்வொரு முறையும் ஓர் அடி உள்ளே. பழனித் தைப்பூசத்துக்கு வரும் கூட்டத்தின் முன்னால் இதை ஆடினால், யார் எந்தப் புலவர் என்று யாரும் கேட்கப்போவதில்லை. பேகன் தேரைப் பூட்டினானா என்றுதான் கேட்பார்கள்.